அம்மாவின் கன்னத்துச் சில்லு

விருத்தாசலம்
9-3-1996

அன்பு மகள் வாசுகிக்கு, அப்பா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு நாங்களும் சுகம் என்று இன்றைக்குத்தான் மனசறிந்து எழுதுகிறேன், போன இரண்டு கடிதத்திலும் எழுதியது பொய். பொங்கல் முடிந்த வாரம் பீங்கான் கம்பெனியில் சூளை பிரித்தபோது ஒரு பொம்மை, பூச்சு உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உளி வைத்துத் தட்டினேன், சில்லு தெறித்துப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் இடது கன்னத்தில் பாய்ந்தது. துளி ரத்தம்தான். சுட்ட சாமானில் மயிரிழை விரிசலையும் விரலால் தடவியே சொல்லிவிடுகிறவன் இல்லையா நான், அந்தத் திமிரில் அவள் கன்னத்தையும் தடவிப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவளும் நம்பி மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஒரு மாதத்தில் கன்னம் வீங்கிச் சோறு மெல்ல முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் அரிசி மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது. வாயை அசைக்கும் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, கன்னத்தைக் கிழித்துத் தேடினால் வாய் கோணிப்போகலாம், பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் இங்கத்து டாக்டர். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உன் அம்மாதான் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாண்டியில் போன செவ்வாய்க்கிழமை சில்லை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே படம் டிவிப் பெட்டியில் அசைந்துகொண்டே இருக்க, அதைப் பார்த்தபடி மிளகளவு துளையில் மெல்லிய இடுக்கியை விட்டு அரை மணியில் எடுத்துவிட்டார்கள். ஒரே தையல். மரப்பு விட்டதும் நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சிரிக்கச் சொன்னாராம். இவள், எதப் பாத்து சிரிக்கறதுங்க, அந்த மனுசன வெளிய நிக்க வச்சிட்டீங்களே என்றாளாம். என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்ததும் சிரித்தாள் அம்மா, உதடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல விரிந்தது. நர்ஸ் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பட்டறையில் கண்ணாடி போடாமல் நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். குழந்தைக்கு எங்கள் முத்தம். நோய்நொடி அண்டாமல் மூவரும் நிறைவாக வாழ எங்கள் ஆசி என்றும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஆஸ்பத்திரிச் சீட்டில் தானே உளி வைத்துத் தட்டியதாக அம்மா எழுதவைத்திருக்கிறாள், உனக்கும் அப்படித்தான் எழுதுவாள். நம்பாதே, தட்டியது நான்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாணிக்கவேல்