கயிறு பிடிக்கும் மச்சான்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

மாதா கோவில் திருவிழாவில் கடை போட்டு, நானே வரைந்து அச்சடித்த முத்துக்குளிப்புப் படக்கதையைப் பரப்பினேன். பத்து நாளில் புரட்டிப் பார்த்தவர் ஒருவர்தான், சங்கு குளித்து ஓய்ந்த மிக்கேல் அண்ணாச்சி.

கடைசிப் படத்தில், மேலே வருவதற்காகக் குளியாளி கயிற்றை அசைக்கிறான். அங்கே விரலை வைத்தார்.

"ஏலே, தோணியில எவனோ கூலிக்காரன் கயிறு பிடிக்கான். மச்சான்லா பிடிக்கணும்? தங்கச்சி தாலிக்குப் பயந்து அவன்தாம்ல கைய விடமாட்டான்."

தெரியாமல் வரையவில்லை. முதலில் உங்கள் முகத்தைத்தான் வரைந்திருந்தேன். உங்கள் தங்கை ரெஜினாவின் அடக்கத்தன்று என் முகம் பாராமல் போனீர்கள். வீட்டுக்கு வந்ததும் படத்திலிருந்த உங்கள் முகத்தை அழித்துவிட்டேன்.

தாலியோடு அவளை மண்ணில் வைத்தாயிற்று. இனி உங்களை எந்த உரிமையில் வரைவது?

அவன் கயிற்றை அசைத்தபடியே இருக்கிறான். இழுக்கும் படம் வரைய எனக்குக் கை வரவில்லை.

இன்னமும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்.