இறங்கிய எண்

குவார்ட்டர்ஸ், ஆவடி
5.3.1995

அன்புள்ள ஞானகுமாரிக்கு,

சுகமா என்று கேட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை என்பதால் இதில் கேட்கவில்லை. நீ நாசரேத்துக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு உன் தம்பி சத்தியராஜ் எனக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை. அதை நான் மறக்கப்போவதில்லை.

வெள்ளானூரிலிருந்து பால் கொண்டுவரும் வேம்புலியம்மாள் நேற்று வாசலில் நின்றுகொண்டு, "இன்னா சார், அக்கா வர்ற மாரி தெரியலியே. ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு ஒரு லிட்டரு?" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். அளவைக் குறைக்கச் சொல்லவில்லை.

உன் பெயருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அட்டை வந்திருக்கிறது. கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் அளந்தார்களே, அதற்குக் கடைசியாக ஒரு தடவை வர வேண்டுமாம். பதினோரு வருஷம் கழித்து உண்டான குழந்தை ஒன்பதாவது வாரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகும் நாலு புதன்கிழமை நீ ஏன் அங்கே போனாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அட்டைக்கு என்ன பதில் எழுத?

எட்மண்ட்

*

நாசரேத்
14.3.1995

அன்புள்ள அத்தான்,

ஆண்டவர் உங்களைச் சுகமாக வைத்திருக்க ஜெபிக்கிறேன். வயிற்றுவலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியிருப்பீர்கள் என்று தெரியும்.

ஏன் போனேன் என்று இப்போதாவது கேட்டீர்களே. அந்த மெஷினில் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். குழந்தை இருந்தபோது, பனந்தோப்பில் காற்று புகுந்ததுபோல், ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே வந்தது. போன பிறகு முதல் புதன்கிழமையும் அப்படியேதான் கேட்டது. குழந்தைக்காகப் புறப்பட்ட ரத்தம், அது இல்லையென்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு வாரத்துக்கு வாரம் குறைந்தது. நாலாவது வாரம் பழையபடி ஆகிவிட்டது. எனக்கு அன்றுதான் குழந்தை போனது, அத்தான்.

அன்று சாயங்காலம் நீங்கள் என் ரிப்போர்ட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்து, உங்கள் அண்ணன் டேவிட்டிடம், "ஆறாம் வாரமே நம்பர் இறங்கிடுச்சுண்ணே. கோளாறு இவ உடம்புலதான்" என்றீர்கள். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அது என்ன நம்பர் என்று டாக்டரிடம் நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் வர மாட்டேன். அட்டைக்கு நீங்களே நேரில் போய்ப் பதில் சொல்லுங்கள்.

ஞானகுமாரி

*

ஆவடி
23.3.1995

அன்புள்ள குமாரி,

போனேன். கர்ப்பிணிகளுக்கு நடுவில் மூன்று மணி நேரம் ஒரே ஆண்பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக எண்ணெய்க் குழாய்களைச் சோதிப்பவன் நான். அழுத்தத்தை ஏற்றி நிறுத்தினால் முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிவு. உன் ரிப்போர்ட்டையும் அப்படியே படித்துவிட்டேன். டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து காட்டினார். அந்த எண் ரத்தத்துக்கு எதிரே இருக்கும் தடையின் அளவாம். கரு தரித்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து வழிவிடும், தடை குறையும். எண் இறங்கத்தான் வேண்டும். குழந்தை போனபின் மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வரும். உன்னுடையது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கி, ஏற வேண்டிய நேரத்தில் ஏறியிருக்கிறது.

பின் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டேன். "அது எங்களுக்கும் தெரியலை சார். ஆனா அவங்க உடம்பு கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கு" என்றார்.

அளவு புரியாமல் கையெழுத்துப் போட்டதற்காக எத்தனையோ பேருக்கு மெமோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டேவிட் அண்ணனுக்கு எழுதிவிட்டேன், தவறு என்னுடையதென்று. ஏழாம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன்னை அழைத்துவர வருகிறேன். வீடு வீடாக இல்லை.

உன் எட்மண்ட்

*

நாசரேத்
29.3.1995

அன்புள்ள அத்தான்,

கடிதத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அங்கே தொழிற்சாலைச் சங்கு ஊதுவதைக் கேட்டே உலை வைத்துப் பழகியவளுக்கு இங்கே எத்தனை கடிகாரம் இருந்தும் நேரம் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண் நீங்கள் படித்தபடியே இருந்து, கோளாறு நிஜமாகவே என் உடம்பில் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா?

பதில் எழுதிவிட்டு ரயில் ஏறுங்கள்.

ஞானகுமாரி

*

ஆவடி
3.4.1995

குமாரி,

எழுதியிருக்க மாட்டேன்.

வேறு மாதிரி நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எது நடந்தாலும் கோபித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் வேண்டும். என் அப்பா, போர்மேன், உன் தம்பி என்று யாராவது கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். குழந்தை போனதற்கு யாரும் கிடைக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தாய்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அழைத்துவர வருகிறேன் என்று போன கடிதத்தில் நானே முடிவு செய்து எழுதியிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

வரலாமா?

எட்மண்ட்