காகம் ஆறிய விதம்

மார்ச் 2
இன்று என் இடது கையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. உட்கார வைத்தது என் மகள். எட்டு மாதமாக ரப்பர் ஷீட்டிலும் ஆரஞ்சுத் தோலிலும் பழகியவளுக்கு முதல் மனிதத் தோல் என்னுடையது. ஆரஞ்சுக்கு அடுத்து நான். ஒரு வகையில் பதவி உயர்வுதான்.

அவள் வேலை பழகும் டாட்டூ கடையின் மாஸ்டர், குத்திய அன்றே எதையும் பார்ப்பதில்லை. நாலு வாரம் ஆறிய பிறகு கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கோடு நின்றால் அவளுக்குச் சொந்தமாக ஒரு நாற்காலி. இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

படிவத்தில் 'தோல் நோய் உண்டா' என்று இருந்தது. அவளே வாசித்துக் கேட்டாள். இல்லை என்றேன். தலையில் உதிரும் சோரியாசிஸைப் பத்து வருடமாகப் பொடுகு என்று சொல்லிச் சமாளிக்கிறேன். முழங்காலில் இருப்பதை என் மனைவியைத் தவிர யாரும் பார்த்ததில்லை. உண்டு என்றால் ஊசியைத் தொடவே விட்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு வேறு யார் கையை நீட்டுவார்கள்?

மார்ச் 5
ஹோட்டல் சலவைக்கூடத்தின் ஆவியில் கை எரிகிறது. இஸ்திரி போடுகிறவர் சட்டையை விலக்கிப் பார்த்தார். "யாரைக் காக்கா பிடிக்க இந்தக் காக்கா?"

மார்ச் 9
மேல்தோல் உரிந்துவிட்டது. கோடு கோடாகக் கறுப்பு. மகள் இரண்டு வேளையும் கழுவிக் களிம்பு தடவுகிறாள். பிறந்ததிலிருந்து என்னை யாரும் இப்படிக் கவனித்ததில்லை.

மார்ச் 14
அரிப்பு. சொறியவில்லை. சட்டைமேல் சொறிந்தது கணக்கில் வராது.

மார்ச் 17
ஊசி போன இடமெல்லாம் தடித்துச் சிவந்து, மேலே வெள்ளைச் செதில். இறகு இறகாக, அலகு உட்பட, அச்சு எடுத்தமாதிரி. என் வியாதிக்கு இவ்வளவு அழகாக வரையத் தெரியும் என்று இதுவரை தெரியாது.

மகள் விளக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ஆழமா விட்டுட்டேன்பா. எனக்குக் கை கனம்."

வாயைத் திறந்தேன். "சரியாயிடும்மா" என்றுதான் வந்தது. ஏன்? வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா எனக்கு?

மார்ச் 18
மனைவி கேட்டாள்: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" ஒரு வாரம் டைம் வாங்கினேன்.

மார்ச் 20
தனியாகத் தோல் டாக்டரிடம் போனேன். இந்த வியாதிக்காரர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்திலும் கிளம்புமாம். "டாட்டூ போட்டவங்க கேக்கலையா?" என்றார். கேட்டாங்க என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மார்ச் 25
மகள் மெஷினைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள். "இன்னொருத்தர் கையைக் கெடுக்கறதுக்குள்ள விட்டுடறேன்பா."

சொல்லிவிட்டேன். பொடுகு, முழங்கால், எல்லாம். பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினேன். திட்டுடி, திட்டித் தொலையேன்னு இருந்தது — திட்டவில்லை.

"எட்டு நாளா என் கையத்தான் குத்தம் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 28
மாஸ்டரிடம் நானே போனேன். தப்பு என்னுது, அவளுது இல்லை என்றேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோட்டுல ஒரு குறையும் இல்ல சார்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஆளு சொல்றதை நம்பாதேன்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். தலை, முழங்கை, முழங்கால் பாத்துட்டுத்தான் ஊசியை எடுக்கணும். அவ பாக்கலையே."

"அப்பான்னு நம்பிட்டா சார்."

"அதான் சார் பிரச்சினை."

செய்யாத தப்பிலிருந்து அவளை மீட்கப் போய், செய்த தப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2
நாற்காலி இல்லை என்றாகிவிட்டது. மகளுக்கு மருந்துக்கடையில் பில் போடும் வேலையாம். திங்களிலிருந்து.

ஏப்ரல் 11
டாக்டரிடம் இன்று மகளும் வந்தாள். நர்ஸ் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, "சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

மகள் என்னைப் பார்க்காமல் நர்ஸிடம் சொன்னாள்: "டெஸ்ட் எடுத்துட்டு எழுதிக்குங்க, சிஸ்டர்."