மனுவின் மூன்றாம் பத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த விஷயத்தைப் போனில் தொட்டாலே நீ மூன்றாவது வாக்கியத்தில் கத்த ஆரம்பிக்கிறாய், நான் நான்காவதில் அழ ஆரம்பிக்கிறேன். காகிதம் என்றால் இரண்டு பேரும் கடைசிவரை போய்த்தான் ஆக வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானின் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய கால், இப்போது மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது. பெரியவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. சின்னவன் உன்னை மாதிரியே எதிர்த்துப் பேசுகிறான்.

நீ அனுப்பிய மனு வந்து ஒன்பது நாளாகிறது. கொரோனா காலத்தில் அரசாங்கம் நடந்துகொண்டது சரியா தப்பா என்று ஆராய விசாரணைக் குழு போட்டாலும் போட்டார்கள், நீ சாப்பாடு தூக்கம் மறந்து அதிலேயே கிடக்கிறாய். மனுவின் கீழே உன் கையெழுத்து, பக்கத்தில் எனக்காக ஒரு கோடு. இருபதாம் தேதிக்குள் குழுவிடம் போய்ச் சேர வேண்டுமாம். 'ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நாளா? சொத்தையா எழுதிக் கேட்டேன்?' என்று நேற்று செய்தி அனுப்பியிருந்தாய். கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது.

விசாரணை தொடங்கியதிலிருந்து என் தையல் கடை சட்டசபையாகிவிட்டது. பேன்ட் இடுப்பைத் தளர்த்த வந்த மருந்துக்கடைக்காரர், 'பத்து நாள் முன்னாடியே ஊரை அடைச்சிருக்கணும்மா, வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க' என்கிறார். டாக்ஸிக்காரர், 'அடைச்சதே தப்பு. என் வண்டி அஞ்சு மாசம் நின்ன இடத்துலயே துருப்பிடிச்சுது, எவன் கேட்டான்?' என்று எகிறுகிறார். உன் அத்தான் சும்மா இருப்பாரா? 'யாருக்குமே தெரியாத வியாதிய்யா, அவங்க மட்டும் ஜோசியமா பார்க்க முடியும்?' என்று நடுவில் நுழைவார். கடைசியில் மூன்று பேரும் என் பக்கம் திரும்பித் தீர்ப்பு கேட்பார்கள். என் உதட்டில் குண்டூசிகள் இருக்கும். பேசாமல் இருக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

எனக்குக் கோபமே இல்லை என்று நினைத்துவிடாதே. உன் மனுவின் முதல் பத்தியில் இருப்பது அத்தனையும் உண்மை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸிக்குள் அம்மாவை என் மடியில் சாய்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தேன். இடமில்லை, இடமில்லை என்பதைத் தவிர வேறு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆக்சிஜனுக்கு ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். இரண்டாம் பத்தியும் அப்படித்தான். விசாரிக்கக் கொடுத்த நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. நீ அங்கிருந்து வர மூன்று முறை டிக்கெட் போட்டாய், மூன்று முறையும் விமானத்தை ரத்து செய்தார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். இவற்றுக்கு ஒன்றல்ல, பத்து கையெழுத்து போடுகிறேன்.

மூன்றாம் பத்தியில்தான் என் பேனா நிற்கிறது. 'எங்கள் தாயின் கடைசி நாட்களில் குடும்பத்தினர் ஒருவரைக்கூட அருகில் விடவில்லை. வார்டு ஊழியர்கள் ஈவிரக்கமின்றி நடந்துகொண்டார்கள். பொறுப்பிலிருந்த நர்ஸ் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய்.

போன வியாழக்கிழமை அந்த நர்ஸ் என் கடைக்கு வந்தார். வார்டில் எல்லோரும் அவரை நெட்டை நர்ஸ் என்பார்கள். இப்போது முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. உடம்பு இளைத்துவிட்டதாம், இரண்டு யூனிபார்மைப் பிடிக்கச் சொன்னார். அளவு எடுக்கும்போது, குழுவில் தன்னை இருபத்தைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். 'எல்லாம் விதிப்படிதான் செஞ்சேன்னு சொல்லிடுவேம்மா. அதுக்கு மேல என்ன சொல்ல முடியும்?' என்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இடுப்பைச் சுற்றிப் பிடித்த டேப்பில் எண் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, மறுபடி அளந்தேன்.

தம்பி, அவர் விதிப்படி நடக்கவில்லை. என்னை உள்ளே விட்டார்.

நான்கு நாளாக நான் வாசலில் நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். ஐந்தாம் நாள் மத்தியானம், ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறுகிற சந்தடியில், அழுக்குத்துணி போகிற பின்கதவு வழியாக என்னைக் கூப்பிட்டார். தன் அளவுக்கு வைத்திருந்த கவச உடை ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார். தோளில் நாலு விரல் தொங்கியது, காலை இரண்டு மடிப்பு மடித்தோம். எல்லோரும் ஒரே வெள்ளையில் இருப்பதால் யார் யாரென்று தெரியாது, அதனால் அங்கே நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்கள். என் நெஞ்சில் ஒன்றும் எழுதவில்லை. 'பத்து நிமிஷம்தான். வாயைத் திறக்கவே கூடாது. வெளியாள்னு தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்' என்றார்.

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா கண்ணைத் திறந்தாள். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் என் கண்கூட அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்ததெல்லாம் அந்தப் பெரிய தோள்தான். 'வந்துட்டியாடா?' என்றாள். மூச்சு வாங்கிவிட்டு, 'பிளேன் விட்டுட்டாங்களா?' என்றாள்.

என்ன செய்வேன் சொல். தலையை ஆட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையுறை போட்டிருந்தேன், இல்லாவிட்டால் ஊசி குத்திக் காய்த்த விரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாள். ஐந்து நாளாகக் காணாத சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, 'அக்கா எங்கடா? உன்னை விட்டவங்க அவளை விடலையா?' என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். 'வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு' என்றாள். நர்ஸ் வந்து என் முதுகைத் தொட்டார். வந்துவிட்டேன். மறுநாள் விடிகாலை போன் வந்தது.

இதை ஏன் ஐந்து வருடம் உன்னிடம் மறைத்தேன் என்று கேட்பாய். நர்ஸுக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதிதான். மீதி, பொறாமை. குளிப்பாட்டியது நான், மாத்திரை கொடுத்தது நான், இரவெல்லாம் கால் பிடித்துவிட்டது நான். அவள் கடைசியாகப் பிடித்தது உன் கை. என் கையைப் பிடித்துக்கொண்டே என்னைக் காணவில்லை என்று தேடினாள். அதை உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நீ போனில், 'அம்மா என்னைத் தேடிக்கிட்டே போயிருப்பாங்க இல்லக்கா?' என்று அழுவாய். நான் உம் கொட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தையில் தீர்த்திருக்கலாம், தீர்க்கவில்லை. இதற்கு எந்த அரசாங்கத்தின் மேலும் பழி போட முடியாது. என்னை மன்னித்துவிடு.

நேற்று தைத்த யூனிபார்மைக் கொடுக்க நர்ஸ் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நடந்ததைக் குழுவிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். 'பென்ஷன்ல கை வெச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கும்மா. அங்க வேணாம். ஆனா உங்க தம்பிக்கு மட்டும் சொல்லிடுங்க, பாவம்' என்றார். தன் மேல் நடவடிக்கை கேட்டு எழுதியிருப்பதே நீதான் என்று அவருக்குத் தெரியாது. யூனிபார்மை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். மூன்றாம் பத்தியை எடுத்துவிட்டு வேறு பிரதி அனுப்பு, வந்த அன்றே கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மற்றதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. யாரையும் சும்மா விடாதே, கேட்க வேண்டியதையெல்லாம் கேள். ஏன் எடுத்தாய் என்று உன் சிநேகிதர்கள் குடைவார்கள், பயந்துவிட்டான் என்று கேலிகூடப் பேசுவார்கள். அக்கா பிடிவாதக்காரி, ஒத்துக்கொள்ளவில்லை என்று என்மேல் போட்டுவிடு. காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. விசாரணையைப் பற்றிய டி.வி. விவாதங்களைத் தூங்கப் போகும்முன் பார்க்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அம்மா மகனைப் பார்த்துவிட்டுத்தான் போனாள், இனி அந்த நாளில் அழாதே.

இப்படிக்கு,
உள்ளே விடவில்லை என்று அம்மா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்த,
உன் அக்கா