ஒற்றைச் செருப்புக் குவியல்

விளையாட்டுச் சாமான் அலமாரியின் அடித்தட்டில் உன் பச்சைத் துணி கிடந்தது. பழைய தாவணியைக் கிழித்து நீ மடித்துத் தைத்தது. போன வியாழக்கிழமை அதை எடுத்து என் கண்ணில் கட்டிக்கொண்டேன். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தும் உன் தேங்காய் எண்ணெய் வாசம் அதிலிருந்து போகவில்லை. அந்த வாசத்தோடு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் செருப்புக் குவியலின் முன் குனிந்து நின்றபோது, உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ விளையாட்டு டீச்சராக இருந்தவரை கபடிக்கு அணி பிரித்தது இப்படித்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு செருப்பைக் கழற்றி நடுவில் போடுவார்கள். நீ கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று எறிவாய். செருப்பு விழுந்த பக்கம் ஆள். நகரம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்து அரசுப் பள்ளி நம்முடையது. கோட்டாற்றுத் தெருக்களிலிருந்தும், கடற்கரை ஊர்களிலிருந்தும், நெற்றியில் நாமம் இட்ட அய்யாவழி வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். உன் கையில் எல்லாம் கலந்துதான் விழும்.

நான் வரலாறு நடத்துகிறவள். அதிர்ஷ்டத்தை நம்பி எதுவும் மாறும் என்று எனக்குத் தோன்றியதில்லை. "நாலு மணிக்கு பெல் அடிச்சா அவுங்கவுங்க தெருவுக்குத்தானே போவாளுவ" என்று ஒருமுறை சொன்னேன். நீ வாயிலிருந்து விசிலை எடுத்தாய். "போட்டும் ஏட்டி. நாலு மணி வரைக்கும் நம்ம கையிலதானே இருக்காளுவ. படிச்சுப் படிச்சு உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

போன மழைக்காலத்தில் நீ போனாய். தேங்காய்ப்பட்டணத்தில் உன் அடக்கத்துக்கு வந்து, உன் வீட்டுப் பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. விளையாட்டுப் பீரியடை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அணியை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டேன். பிரித்தார்கள். ஒரே தெரு ஒரு பக்கம், ஒரே கடற்கரை ஒரு பக்கம். சண்டை இல்லை, சத்தம்கூட இல்லை. அவ்வளவு எளிதாக அது நடந்ததுதான் என்னை உறுத்தியது.

யாரும் கூப்பிடாமல் ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள். மமதா. நீ அவளைப் பார்த்ததில்லை, இந்த வருடம்தான் நம்மிடம் சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து மயிலாடிக்கு வந்து கல் பட்டறையில் வேலை செய்கிறார்கள். சிறு வயதிலேயே வந்துவிட்டதால் அவள் பேச்சில் நம் பிள்ளைகளைவிட நம்மூர் இழுவை அதிகம். அணி பிரிக்கும்போது அவளே முந்திக்கொள்வாள். "எனக்கு சாரமில்ல டீச்சர், பரவாயில்ல. நான் பாயிண்டு எழுதுதேன்."

புதன்கிழமை என்னிடம் வந்து, "திங்கக்கெழம முதல் வரல டீச்சர், அம்மைகூட பட்டறைக்குப் போறேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அங்க பேச ஆளிருக்கு" என்றாள்.

அன்று மாலையே ரெஞ்சிதாவின் அம்மா என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். ரெஞ்சிதாதான் வகுப்பில் நன்றாக ஆடுகிறவள். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அந்த இந்திக்காரப் பிள்ளகூட எம்பிள்ளைய சேக்காண்டாம். நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாருட்ட போய்க் கேக்க?"

"அவ ஒடிசாக்காரி."

"எல்லாம் ஒண்ணுதானே டீச்சர்."

அதனால்தான் உன் துணியைத் தேடினேன். யாராவது கேட்டால் அதிர்ஷ்டத்தின்மேல் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு. குவியலுக்குள் கையை விட்டேன். முதல் செருப்பில் கடல் மணல் நெருடியது. அடுத்ததில் வயல் சேறு காய்ந்திருந்தது. அதற்கடுத்தது வழவழவென்று கடைப் புதுசு. யார் யாருடையது என்று எனக்கே தெரிந்தது. இத்தனை வருடம் தொட்டுப் பார்த்த உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நீ ஒருநாளும் குருட்டுத்தனமாக எறியவில்லை. ஒரே தெருச் செருப்புகள் சேர்ந்து விழாதபடி தடவித் தடவி எறிந்திருக்கிறாய். அதை அதிர்ஷ்டம் என்று ஊரையே நம்பவைத்தாய், என்னையும் சேர்த்து.

ஒரு வாரில் ஊக்கு குத்தியது. விரலில் கல் பொடி ஒட்டியது. மமதாவுடையது. வலப்பக்கம் எறிந்தேன். இடப்பக்கம் ஏதோ ஒன்றை எறிந்துவிட்டு, கொக்கி வைத்த செருப்பைத் தேடினேன். கொக்கிச் செருப்பு ரெஞ்சிதாவுக்கு மட்டும்தான். கை அதன்மேல் கொஞ்சம் தயங்கி நின்றது. அதையும் வலப்பக்கமே எறிந்தேன்.

கபடியில் பிடிக்க நிற்பவர்கள் கைகோர்த்து நிற்க வேண்டும், உனக்குத் தெரியாததா. ரெஞ்சிதா மமதாவின் கையைப் பிடிக்கவில்லை. அவள் சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். எதிரணியிலிருந்து பாடி வந்தவள் அந்த இடத்தில்தான் அறுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, பிடிக்கணும்னா பிடி. இல்லேன்னா விட்டிரு, நான் பாயிண்டு எழுதப் போறேன்" என்றாள் மமதா.

அடுத்த முறை ரெஞ்சிதா மணிக்கட்டைப் பிடித்தாள். தோற்கப் பிடிக்காமல்தான் பிடித்திருப்பாள். வேறு காரணம் எழுத எனக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை மமதா வந்தாள். ரெஞ்சிதாவின் அம்மாவும் வந்தார். பிள்ளைகள் வகுப்புக்குப் போகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் கேட்டார். "கண்ணக் கெட்டித்தானே டீச்சர் எடுத்தீங்க?"

"ஆமா" என்றேன்.

"பின்ன என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இதே கேள்விக்கு நீ எத்தனை பேரிடம் ஆமா என்றிருப்பாய்? அப்போது உன் முகம் எப்படி இருந்திருக்கும்? செய்தது சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவது ஒரு பொய்யின்மேல் நிற்கிறது, அந்தப் பொய் எவ்வளவு நாள் தாங்கும் என்றும் தெரியாது. துணி என் பைக்குள் இருக்கிறது. வியாழக்கிழமை மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். துவைக்கத்தான் மனம் வரவில்லை.