கடைமடையில் கேட்ட ‘ஐ’

இன்று காலை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடந்த வண்டல் முதல் நீரைக் குடிக்கும்போது எழுமே, அந்த வாடை. எனக்கு உடனே உன்மேல் எரிச்சல் வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எரிச்சல்.

பொறாமை என்றே எழுதுகிறேன். உன்னிடம் எனக்கு என்ன நாசூக்கு.

மதுரையில் ஒரே கல்லூரி, ஒரே அறை. நான் படித்தேன். நீ பேசினாய். விடுமுறைக்கு ஊர் திரும்பும் போடி ரயிலில் நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். நீ டிக்கெட் பரிசோதகரோடு பேசிக்கொண்டு வருவாய். அவர் ஆங்கிலோ இந்தியர். ‘ஐ திங்க்’ என்று ஆரம்பிப்பாய். பாதியில் நிறுத்துவாய். ‘நோ, ஐ மைட் பி ராங்’ என்று சிரித்துவிட்டு வேறு வழியாக வந்து சேர்வாய். பரீட்சையில் அப்படி எழுதினால் வெட்டிவிடுவார்கள். அவரோ உன்னிடம் தன் மனைவியின் நோயைப் பற்றிச் சொன்னார். என்னிடம் டிக்கெட் மட்டும் கேட்டார்.

அந்தச் சொற்கள் என்னிடமும் இருந்தன. மே, மைட், குட், வுட், மஸ்ட். எது எங்கே நிற்கும் என்று உன்னைவிட நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தால் அவற்றின் முன்னால் அந்த ‘ஐ’ மட்டும் வராது. தமிழிலேயே எனக்கு ‘நான்’ வந்ததில்லை. பெரியவர்கள் முன்னால் ‘நம்ம’, ‘நாங்க’. உனக்கும் அப்படித்தான். உன் தகப்பனார் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்ப்பா’ என்று தலையாட்டுகிறவன் நீ. பிறகு அந்த ‘ஐ’ எங்கிருந்து வந்தது? அதைத் தேடி நான் புத்தகம் புத்தகமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஆனி மாதம். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, மடை திறக்கவில்லை. வாய்க்கால் எஞ்சினியர் துரை பங்களாவில் தங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் எங்கள் மார்க்கையன்கோட்டை வயல்காரச் சம்சாரிகள் என்னைத்தான் தேடி வந்தார்கள். பி.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கியவன் நான். ஆங்கிலத்தில் மனு எழுதினேன். ‘பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.’ ‘கருணையுடன் பரிசீலிக்கப்பட வேண்டும்.’ பக்கம் பக்கமாக. அதில் மனிதர் ஒருவர்கூட இல்லை.

துரை அதை வாங்கிப் படிக்காமல் மேஜைமேல் வைத்தார். நீயே சொல், என்ன விஷயம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாயைத் திறந்தேன். மனுவின் முதல் வரி நினைவில் இருந்தது. அதை ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. சித்தப்பா பின்னாலிருந்து முதுகில் இடித்தார்.

“சொல்லுலே. தொரை கேக்குறாகல்ல?”

நீ வாசற்படியில் நின்றிருந்தாய். அங்கிருந்தே பேசினாய். ‘ஐ மே லூஸ் மை சீட்லிங்ஸ், சார்.’ என் நாற்று போய்விடும் போலிருக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்றார் துரை. ‘ஐ டோண்ட் நோ, சார். ஐ குட் ஷோ யூ.’ தெரியவில்லை, வந்தால் காட்டுகிறேன். அவ்வளவுதான். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

உன் வயல்வரை வந்து பார்த்தார். அங்கேயே நின்று மடை திறக்க உத்தரவிட்டார். வண்டியில் திரும்பும்போது சித்தப்பா என்னைக் கேட்டார்.

“ஏலே, வாய்க்கு வாய் ஐ, ஐன்னானே. என்னலே அது?”

“நான்னு அர்த்தம், சித்தப்பா.”

“அடப்பாவி! ஊருக்குக் கேக்கச் சொன்னா தன் வயலுக்கு மட்டும் கேட்டானாக்கும்?”

நீ அசரவில்லை. “ஆமா சின்னையா. என் வயலு கடைமடை. அங்கன தண்ணி வரணும்னா ஒங்க வயலத் தாண்டித்தான வரணும்?”

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். “பி.ஏ.வுக்குத்தான் தொண்ட கட்டிக்கிருச்சு” என்றார் யாரோ. நானும் சிரித்தேன், எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு. எங்கள் வயல் தலைமடை. தண்ணீர் திறந்தால் எங்களுக்குத்தான் முதலில். உன்னைப்போல் வாய்க்காலின் கடைசியில் நின்று நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அந்த வயலுக்குக்கூடப் பொறாமைப்பட்டேன்.

பிறகு நீ ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை என்று மலையேறினாய். மலைக்காய்ச்சலோடு இறங்கினாய். அந்தக் கடைசி நாட்களில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நான் வேறு எதையாவது கேட்டிருக்கலாம். “எப்படிடா யோசிக்காமப் பேசுற?” என்றுதான் கேட்டேன். “தெரியலைன்னு சொல்லிப் பழகு. பெறகு வாய் தானா தெறக்கும்” என்றாய். அதையும் யோசிக்காமல்தான் சொன்னாய்.

இந்த வருடமும் மடை திறக்கத் தாமதம். வேறு துரை. இம்முறை நான் மனு எழுதவில்லை. பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் முதல் வரியிலேயே குறுக்கிட்டு, எத்தனை நாள் தாங்கும் என்றார். அது என் மனப்பாடத்தில் இல்லை.

‘ஐ டோண்ட் நோ, சார்.’

சொன்னது நான்தான். குரல் உன்னுடையது. அந்த இழுப்பு, முடிவில் அந்தச் சின்னச் சிரிப்புகூட. ‘ஐ குட் ஷோ யூ.’ பின்னால் சித்தப்பா யாரிடமோ முணுமுணுத்தார், “அப்படியே அவந்தேன்.” எத்தனை வருட ஏக்கம் எனக்கு. வந்த முதல் மெச்சலும் உன் பேருக்கே போயிற்று.

துரையை உன் வயலுக்குத்தான் கூட்டிப்போனேன். வேறு எங்கே போவது? உன் தகப்பனார் வரப்பில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். துரையின் கார் கிளம்பிப் போனதும் என் பக்கத்தில் வந்தார். நாற்றைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன்.

“ஏய்யா, அத இன்னொருக்காச் சொல்லு.”

“எதப் பெரியப்பா?”

“அதேன், ஐ, ஐங்கிறது. அவன் சொல்லுவான்ல.”

சொன்னேன். ‘ஐ.’ அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் என்பதுபோல் கையை அசைத்தார். ‘ஐ திங்க். ஐ மே. ஐ குட்.’ யாரும் கேள்வி கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், என் வாழ்நாளில் முதல்முறையாகத் தங்குதடையின்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்னை அல்ல.