மஞ்சள் போர்வையில் வலைக்கண்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்றைக்கும் பஜாரில் கம்பளி நூல் வாங்கினேன். முடிக்காத பின்னல்கள் பை பையாகக் கிடக்கின்றன. ஆனாலும் அந்தப் பச்சையைக் கண்டதும் கை கேட்கவில்லை. இவர் கண்டால், "இந்த வெக்கைக்குள்ளை ஆருக்கடி கம்பளி?" என்று தொடங்குவார். மரக்கறிக்கு அடியில் ஒளித்துத்தான் கொண்டுவந்தேன்.

அதை அலுமாரியில் வைக்கப் போனபோது மஞ்சள் போர்வை கையில் பட்டது. கனடாவில் மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் தொடங்கியது. நடுவில் எலி கடித்துவிட்டதால் பார்க்க மனமில்லாமல் சுருட்டி வைத்திருந்தேன். இன்று விரித்தால் ஓட்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் அளவெடுத்ததுபோல் கண் கண்ணாக, மூலைக்கு மூலை இறுக்கமான முடிச்சு. கம்பளியை யாரும் இப்படித் தைப்பதில்லை. கிழிந்த மீன் வலையைத்தான் இப்படிப் பொத்துவார்கள்.

இந்த வீட்டில் வலை பொத்துகிறவர் இவர் ஒருவர்தான். கேளாமல் கலியாணம் முடித்தாள் என்று மகளின் பெயரையே எடுக்க விடாதவர். போர்வை யாருக்கென்று நான் சொன்னதேயில்லை. எப்படித் தெரிந்தது?

சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன்.

"மஞ்சள் போர்வையிலை ஒரு ஓட்டை இருந்ததே, கண்டனீங்களோ?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார், தலை நிமிராமல்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் கதவடியில் வந்து நின்றார்.

"போர்வையை முடிக்க அந்த மஞ்சள் நூல் காணுமோ? நாளைக்கு ரவுண் கடைப்பக்கம் போறன், வாங்கியாறன். கனடாவிலை சரியான குளிராம்."